ரோஸ் ஜட்டி மாப்பிள்ளை

என் வீட்டுக்காரர் டிவிக்குள் நடந்து வந்தார். இடுப்பில் ரோஸ் கலர் ஜட்டி. மூக்குக்குக் கீழே மீசை. மற்றபடி உடம்பில் வேறு எதுவும் இல்லை.

அவருக்குப் பின்னால் புகை கிளம்பியது. விளக்குகள் சுழன்றன. ஊர்ப்பட்ட வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அவர் தொப்பை குலுங்க மேடை வரைக்கும் நடந்து, கயிற்றைத் தாண்டி உள்ளே போய், இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

நிஜமான என் வீட்டுக்காரர் சேகர் அப்போது பட்டு வேட்டியோடு பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்காகக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் என் அம்மா வீட்டுக்கு வந்திருந்தோம். கிள்ளையிலிருந்து மாமனார், மாமியார், அவர்கள் பக்கத்துச் சனம் மொத்தமும் வந்திருந்தது. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. எல்லோர் கண்ணும் டிவியில்.

"யாருன்னு தெரியுதா?" என்று கேட்டான் என் தம்பி வேலு. அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

மாமனாருக்குத்தான் முதலில் புரிந்தது. "டேய், இது நம்ம சேகருடா" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

அது ஒரு மல்யுத்த வீடியோ கேம். அதில் நமக்குப் பிடித்த மாதிரி ஆள் செய்துகொள்ளும் வசதி உண்டு. மூஞ்சி, மீசை, தொப்பை, ஜட்டி எல்லாவற்றையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். வேலு கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வாரம் உட்கார்ந்து தன் வருங்கால மாமாவைச் செய்து வைத்திருந்தான். ரிசப்ஷனுக்கு சேகர் ஆசைப்பட்டு எடுத்த சட்டை ரோஸ் கலர். மல்யுத்தக்காரனுக்கு ஏது சட்டை? அந்தக் கலரை ஜட்டியில் போட்டுவிட்டான்.

"உங்களை நீங்களே ஆடுங்க மாமா. நான் சுறா" என்று சேகர் கையில் பட்டன் வைத்த ஒரு பேடைக் கொடுத்தான். சுறா என்பது தனக்காக அவன் செய்து வைத்திருந்த ஆள். நீல முகமூடி, பனைமர உயரம்.

சேகருக்கு விளையாடத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

சுறா அவரைத் தூக்கிப் போட்டான். கயிற்றில் மோதவிட்டு மறுபடி தூக்கிப் போட்டான். காலைப் பிடித்து முறுக்கினான். ரோஸ் ஜட்டி தரையைப் பட்பட்டென்று தட்டியது. மணி அடித்தது. அதோடு விட்டானா? மேடைக்கு அடியிலிருந்து இரும்பு நாற்காலியை எடுத்து வந்து நாலு சாத்து சாத்தினான். என் சின்ன மாமியார்கள் சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சேகர் பேடைப் பாயில் வைத்தார். எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்துவிட்டார். உள்ளே இலை போட்டாகிவிட்டது. வஞ்சிரம் குழம்பு, நண்டு, இறால் தொக்கு. மாப்பிள்ளை கை வைக்காத இலை அப்படியே கிடந்தது.

அன்றைக்குப் பிடித்த பீடை, போன மீன்பிடித் தடைக்காலம் வரைக்கும் என் உயிரை வாங்கியது.

அதற்கு முன்னால் ஒரு விஷயம்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் மாமியாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டார்கள், பெரியவர்களை இப்படி எழுதலாமா என்று. எழுதலாம். மாமியாரே படித்தார். "அந்தக் கருவாட்டு விஷயத்தை வுட்டுட்டியே" என்றார். அவருக்கே வருத்தம் இல்லை. உங்களுக்கு எதற்கு?

கடைச் சட்டம்

நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் மஞ்சக்குப்பத்தில் ஒரு கேம் கடை இருந்தது. சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நாலு டிவி, நாலு கறுப்புப் பெட்டி. பெட்டியின் கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு நான் ஏன் விளம்பரம் போட வேண்டும்? அந்த வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

வேலுவைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்புவார். பெண் பிள்ளை கேம் கடைக்குப் போவதைவிடத் தம்பி தனியாகப் போவதுதான் அம்மாவுக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்தது. எனக்கு லாபம்.

கொட்டகைக்குள் வியர்வை நாற்றம், பஜ்ஜி நாற்றம், சூடான பிளாஸ்டிக் நாற்றம். பேடு பிசுபிசு என்று இருக்கும். ஒரு மேட்ச் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும். திறந்த பிறகு கரண்ட் போகும்.

பையன்கள் எனக்குப் பேடு தர மாட்டார்கள். ஆள் குறைவாக இருக்கும் நேரத்தில் கடைக்காரர் தருவார். எனக்குத் தெரிந்தது ஒரே பிடி. எதிராளியைத் தரையில் சாய்த்துக் காலை முறுக்குவது. "இந்தப் பொண்ணுகிட்ட கால மட்டும் குடுத்துடாத, வுடவே வுடாது" என்று பையன்கள் சொல்லும் அளவுக்குப் பேர் வாங்கியிருந்தேன்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. அதை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த விளையாட்டில் மணி அடித்து ஆட்டம் முடிந்த பிறகும், யாராவது ஸ்டார்ட் பட்டனை அமுக்கும் வரைக்கும் அடிக்கலாம். செத்த பாம்பை அடிப்பது போல. ஜெயித்தவன் ஆசை தீர அடித்துக்கொள்வான். தோற்றவன் பேடைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். அது ஜெயித்தவனின் உரிமை. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் இவன் ஜெயித்தால் இவன் அடிப்பான்.

பிறகு எங்கள் அப்பா பாண்டிச்சேரியில் யாரிடமோ பழைய பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். கேம் தகடு கள்ளத் தகடு. மேலே மார்க்கர் பேனாவில் 'சண்டை' என்று மட்டும் எழுதியிருந்தது. பெட்டியோடு கடைச் சட்டமும் எங்கள் வீட்டுக்கு வந்தது.

சேகர் கிள்ளைக்காரர். அவர் எந்தக் கேம் கடைக்கும் போனதில்லை. இதுதான் வினை.

இரண்டு பேருக்கும் நடுவில்

சேகர் மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிறவர் இல்லை. சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அதன் மாடியில் வீடு. நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். (அந்த ரோஸ் ஜட்டியின் வெட்டு சரியில்லை என்பதை ஒரு தையல்காரியாக இங்கே பதிவு செய்கிறேன்.)

மறுவீட்டுக்குப் பிறகு அவர் வேலுவோடு பேசவில்லை. மாப்பிள்ளையை ஊர் சிரிக்க வைத்துவிட்டான் என்பது அவர் கட்சி. வேலுவும் பேசவில்லை. விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய்த் தேடிப் பிடித்து வாங்கி வந்த வஞ்சிரத்தை மாப்பிள்ளை தொடாமல் போனார் என்பது அவன் கட்சி.

இரண்டு பேரும் என் மூலமாகப் பேசினார்கள்.

"யக்கா, உன் வூட்டுக்காரருகிட்ட சொல்லு, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல."

"உன் தம்பிகிட்ட சொல்லு, ஞாயித்துக்கெழம வரோம்."

இதில் ஒருவர் பக்கத்து அறையில் இருப்பார். சில சமயம் அதே அறையில் இருப்பார். கல்யாண வீட்டில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். சாவு வீட்டில் ஒரே பாடையின் முன்பக்கம் ஒருவர், பின்பக்கம் ஒருவர்.

அம்மா வீட்டுத் தண்ணி மோட்டார் எரிந்துபோனால் வேலு அதைச் சாக்கில் கட்டிச் சிதம்பரம் பஸ்ஸில் போட்டு அனுப்புவான். சேகர் வாங்கி, நல்ல கம்பியாகப் பார்த்துக் கட்டி, திருப்பி அனுப்புவார். "மோட்டாரு என்னா பண்ணுச்சு? அதோட எனக்கு ஒண்ணும் இல்ல" என்பார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. எங்களுக்கு யாழினி பிறந்தாள். நடந்தாள். பள்ளிக்கூடம் போனாள். இரண்டாம் வகுப்புக்கும் வந்துவிட்டாள். காது குத்தவில்லை.

காது குத்த வேண்டுமென்றால் தாய்மாமன் மடி வேண்டும். தாய்மாமன் வர வேண்டுமென்றால் அப்பனும் ஆத்தாளும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு நேரில் போய் அழைக்க வேண்டும். நான் மட்டும் போனால் வேலு வர மாட்டான். சேகர் போக மாட்டார்.

பார்லரில் துப்பாக்கி வைத்துக் குத்திவிடலாம், ஒரு நிமிஷ வேலை என்றாள் எதிர்வீட்டுக்காரி. என் பெரியப்பா மகன் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றார் மாமியார். என் கூடப் பிறந்தவன் கல்லு மாதிரி உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தன் மடியில் என் பிள்ளை ஏன் உட்கார வேண்டும்? பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கும் பிள்ளைகள் அவள் காதைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

போன தடைக்காலத்தில் ஒரு நாள் சேகரிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழம கடலூர் போறோம். நீங்க வரலைன்னா, எனக்கு ஆம்பளத் துணையே இல்லைன்னு உங்க குலதெய்வத்துகிட்ட சொல்லிட்டு, என் மடியிலயே வெச்சுக் குத்திடுவேன்."

அவர் ரொம்ப நேரம் காயில் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "வரேன். தாம்பாளத்த வெச்சுட்டு வந்துடுவேன். பேச மாட்டேன்" என்றார்.

நாற்காலிக்கு அழைப்பு

பஸ் புதுச்சத்திரம் தாண்டும் வரைக்கும் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். தாம்பாளம் என் மடியில். பழம், பூ, மஞ்சள், பாக்கு, கவுளி கவுளியாய் வெற்றிலை.

தடைக்காலம் என்பதால் வேலு வீட்டில்தான் இருந்தான். வாசலில் வேப்ப மரத்தடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. சேகர் தாம்பாளத்தை வாங்கி வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"யக்கா" என்றான் வேலு, வலையைப் பார்த்தே. "உன் வூட்டுக்காரரு யாருக்கு அழைப்பு வெச்சாரு, நாற்காலிக்கா?"

"உன் தம்பிகிட்ட சொல்லு" என்றார் சேகர். "அந்த நாற்காலி சாப்புடக் கூப்புட்டா மரியாதயா வந்துடும்."

"சாப்பாட்டப் பத்தி யாரு பேசுறதுன்னு கேளுக்கா."

"நாற்காலியப் பத்தி யாரு பேசுறதுன்னு நீயும் கேளு."

நான் என்ன கேட்டேன் என்பதை இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள். தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அம்மா உள்ளிருந்து ஓடி வந்து என் வாயைப் பொத்தினார்.

உப்பு

இந்தக் கூத்தில் யாழினியை யாரும் கவனிக்கவில்லை. அவள் உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் கிடந்த மீன் பெட்டியை இழுத்துக் குடைந்திருக்கிறாள். வலை மிதப்புகளுக்கும் பழைய கயிறுக்கும் அடியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மாமா, இது என்னா?"

வேலு முகம் மாறிவிட்டது. வலையைப் போட்டுவிட்டு எழுந்தான். அதுவும் சண்டைக்காரனுக்கு எதிரே பெருமை காட்ட ஒரு வாய்ப்பு. பெட்டியை டிவியில் மாட்டினான். மூன்று கலர் பின்னையும் சொருகினான். டிவியில் எறும்பு ஓடியது. பிறகு ஒரு படம் வந்து மேலேயும் கீழேயும் உருண்டது.

சேகர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை பையைத் துழாவியது. வேலு ஒயரை ஆட்டினான். டிவி தலையில் தட்டினான்.

"மஞ்சப் பின்னுல உப்பு ஏறியிருக்கு" என்றார் சேகர், நிலைப்படியைப் பார்த்து. "சொரண்டாம சொருகுனா எங்கேருந்து வரும்?"

வேலு காதில் விழாத மாதிரி மறுபடி டிவியைத் தட்டினான். அதற்கு மேல் சேகரால் தாங்க முடியவில்லை. உள்ளே வந்து ஒயரைப் பிடுங்கினார். பையிலிருந்து பிளேடை எடுத்துப் பின்னைச் சுரண்டினார். படம் நின்றது. அடுத்து, தகடு சுற்றாமல் பெட்டி கரகரவென்று இருமியது. மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு செத்த கரப்பானை எடுத்து வேலு பக்கமாகப் போட்டார். தகட்டைப் படிக்கும் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தார். மூடினார்.

தகடு சுற்றியது. கூட்டம் கத்தியது.

தன்னை ரோஸ் ஜட்டியில் காட்டப்போகும் பெட்டியைத் தானே உட்கார்ந்து ரிப்பேர் செய்த ஆள் உலகத்தில் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவரைக் கேட்டால், ஓடாத சாமானைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்பார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த விளையாட்டு இப்போது பார்க்கக் கேவலமாக இருக்கிறது. ஆட்களின் மூஞ்சி அவித்த மரவள்ளிக்கிழங்கு. விரல்கள் ஒட்டிக்கொண்டு துடுப்பு மாதிரி இருக்கின்றன. கத்தும் கூட்டம் அட்டையில் வெட்டி ஒட்டியது. இதைப் பார்த்தா நாங்கள் சோறு தண்ணி மறந்து கிடந்தோம் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. ஆனால் ஒருவன் இன்னொருவனைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழே போடும்போது தரை அதிரும் பாருங்கள், அந்தச் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. என் கட்டை விரல் தானாக ஆடியது.

மணி அடித்த பிறகு

ஆட்களின் வரிசை ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் அவர் வந்தார்.

"அப்பா" என்றாள் யாழினி. மீசையை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். பிறகு தரையில் விழுந்து புரண்டு சிரித்தாள். வேலு பயந்துபோய்ச் சேகரைப் பார்த்தான். சேகர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்பா" என்று யாழினி பேடைப் பிடித்துக்கொண்டாள். வேலு சுறாவை எடுத்தான்.

அவளுக்கு எந்தப் பட்டன் எதற்கு என்று தெரியாது. எல்லாவற்றையும் அமுக்கினாள். ரோஸ் ஜட்டி மூலைக்குப் போய்க் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"ஏம்மா என்னைய மூலையில நிக்க வெச்சிருக்க? நடக்க வுடு" என்றார் சேகர்.

அவர் 'என்னைய' என்று சொன்னதை அம்மாகூடக் கவனித்தார்.

சுறா வந்து காலைப் பிடித்து முறுக்கினான். "மாமா, இப்ப என்னா பண்றது?" என்று யாழினி கத்தினாள்.

"ஒண்ணும் பண்ண முடியலைன்னா தரையத் தட்டிடு" என்றான் வேலு. "தட்டுனா வலிக்குதுன்னு அர்த்தம். நடுவுல இருக்குறவரு வந்து பிரிச்சு வுட்டுடுவாரு. அப்புறம் தொடக் கூடாது. அதான் ரூல்."

"அதான் ரூலா?" என்றார் சேகர்.

குரல் வேறு மாதிரி இருந்தது. எல்லோரும் திரும்பினோம்.

"நான் அன்னிக்குத் தட்டுனேன்" என்றார். "எங்கப்பா, பெரியப்பா, எல்லாரும் பாக்குறாங்க. புது வேட்டி கட்டிக்கிட்டு உக்காந்து, முடியலைன்னு தட்டுனேன். அதுவே எனக்கு எவ்ளோ அசிங்கம். தட்டுனப்புறமும் உன் தம்பி நாற்காலிய எடுத்துட்டு வந்து அடிக்கிறான். வுட்டானா, கேளு."

இத்தனை வருஷமாக நான் ஜட்டிதான் காரணம் என்று நினைத்திருந்தேன். அதற்காக ஜட்டி விஷயத்தில் வேலுவை எத்தனை திட்டு திட்டியிருப்பேன். வீட்டில் ரோஸ் கலரில் ஒரு திரைச்சீலைகூட வாங்கவில்லை. இவர் தட்டினாராம், இவன் விடவில்லையாம். இதை வாயைத் திறந்து சொல்ல என் பிள்ளை இரண்டாம் வகுப்புக்கு வர வேண்டியிருந்தது.

வேலு பேடைக் கீழே வைத்தான்.

"மாமா" என்றான். என்னைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து. "அது கடைச் சட்டம் மாமா. மஞ்சக்குப்பத்துல மணி அடிச்சப்புறம் எல்லாரும் அடிப்போம். யாரும் கோச்சுக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது."

"எனக்கு எப்புடித் தெரியும்? எங்க ஊர்ல ஏது கேம் கடை?"

"நீங்க தட்டுனத நான் பெருசா நெனைக்கலை மாமா."

"நான் பெருசாதான் நெனச்சேன்."

வேலு டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"சரி. இனிமே தட்டுனா வுட்டுடுறேன்" என்றான் வேலு.

"யாரு தட்டுனாலும்?"

"யாரு தட்டுனாலும்."

சேகர் எழுந்து வாசலுக்குப் போனார். நாற்காலியில் இருந்த தாம்பாளத்தை எடுத்து வந்தார். அதற்குள் பக்கத்து வீட்டு ஆடு வெற்றிலை முழுவதையும் தின்றுவிட்டு, பூவையும் பாதி தின்றிருந்தது. பாக்கும் மஞ்சளும் கடித்த வாழைப்பழமும் மிச்சம்.

"வெத்தல இல்லாம எப்புடி?" என்று அம்மா இழுத்தார்.

"குடுங்க மாமா" என்று வேலு இரண்டு கையையும் நீட்டினான்.

"குடும்பத்தோட வந்து பொண்ண மடியில வெச்சுக்கணும் மச்சான்" என்றார் சேகர்.

அன்றைக்கு வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்புதான். தடைக்காலத்தில் வஞ்சிரத்துக்கு எங்கே போவது? சேகர் மூன்று தடவை சோறு வாங்கினார்.

ஒரு காது

எல்லாம் சுபம் என்று எழுதி முடிக்கத்தான் எனக்கும் ஆசை. இவர்கள் விட்டால்தானே?

கிள்ளையில் சேகர் வீட்டுக் குலதெய்வக் கோயில். வேலு சீர் வரிசையோடு வேனில் வந்து இறங்கினான். பட்டுப் பாவாடை, மாலை, தோடு, பழத் தட்டுகள். என் மாமியாரே வாயடைத்துப் போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். யாழினியை மடியில் வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தான். சேகர் எதிரே வெல்லத் துண்டோடு நின்றார், அழுதால் வாயில் போட.

காது குத்த வந்த பத்தர் வலது காதில் சந்தனப் பொட்டு வைத்தார். குத்தினார். தோட்டை மாட்டினார். யாழினி அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பத்தர் இடது காதைப் பிடித்தார்.

யாழினி வேலுவின் தொடையில் பட்பட்டென்று மூன்று முறை தட்டினாள்.

"நிறுத்துங்க பத்தரே" என்றான் வேலு.

"என்னா?"

"தட்டிட்டா."

"என்னாத்தத் தட்டுனா?"

"ஆமா, நானும் பார்த்தேன்" என்றார் சேகர், வெல்லத்தோடு முன்னால் வந்து. "தட்டிட்டா. கையை எடுங்க."

"ஏங்க, ஒரு காதோட எப்புடிங்க வுடுறது?" பத்தர் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். எத்தனையோ ஊரில் காது குத்தியவர், பாவம். இப்படி ஓர் அப்பனையும் மாமனையும் பார்த்திருக்க மாட்டார்.

நான் கத்தினேன். மாமியார் கத்தினார். அம்மா, நல்ல நேரம் போகுது என்று அழுதார். இந்த இரண்டு பேரும் குழந்தைக்கு இரண்டு பக்கமும் தூண் மாதிரி நின்றார்கள்.

"அதான் தட்டிட்டாளே யக்கா. தட்டுனா வுடணும்."

"குடுத்த வாக்கு" என்றார் சேகர்.

வருஷக்கணக்காக ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு பேர், ஒத்துப்போக இதைக் கண்டுபிடித்தார்கள். மாமனார் மறுபடியும் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். யாழினி வெல்லத்தை வாங்கித் தின்றாள்.

பிரியாணி மட்டும் குறையில்லாமல் நடந்தது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

காலண்டர்

அடுத்த காதுக்கான தோட்டை மஞ்சள் துணியில் முடிந்து பீரோவில் வைத்தேன். கேட்பவர்களுக்கு எல்லாம் பதில் சொல்லி அலுத்துவிட்டது. யாழினியின் டீச்சர், இன்னொரு தோடு தொலைந்துவிட்டதா என்று கேட்டு அனுப்பினார். நாள் பாருங்கள் என்று சேகரிடம் சொன்னால், "அவளா கேக்கட்டும்" என்பார். வேலுவிடம் சொன்னால், "மாமா சொல்றதுதான்க்கா" என்பான். முன்பாவது இரண்டு பேரையும் தனித்தனியாகத் திட்டலாம். இப்போது இருவரும் ஒரே கட்சி.

ஞாயிற்றுக்கிழமையானால் கடலூர். தடைக்காலம் முடிந்தும் வேலு ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. சேகர் பையில் புது ஒயர், சாலிடரிங் கம்பி, இன்னொரு பழைய பேடு. ரோஸ் ஜட்டி இப்போது நன்றாகவே நடக்கிறது. சுறாவை இரண்டு தடவை தூக்கிப் போட்டிருக்கிறது. மணி அடித்த உடனே இரண்டு பேரும் கையை எடுத்துவிடுகிறார்கள். சாமி கும்பிடுவது போல.

போன ஞாயிறு யாழினிக்குப் பேச்சுப் போட்டி இருந்ததால் அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். நான் போய் வேலு கையிலிருந்த பேடைப் பிடுங்கினேன்.

"யக்கா, நீயா? எத்தினி வருஷமாச்சு?"

"தள்ளிக்க."

சுறாவை எடுத்தேன். சேகர் சிரித்தார். "பாத்து ஆடு, ஜாஸ்தி அடிச்சுடப் போறேன்" என்றார். ஆட்டம் ஆரம்பித்தது. மூன்று அடி வாங்கிக்கொண்டேன். நாலாவதில் அவர் காலை வாரித் தரையில் சாய்த்தேன். காலைப் பிடித்தேன். முறுக்கினேன்.

விரல் மறக்கவில்லை.

அவர் எல்லாப் பட்டனையும் அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. ரோஸ் ஜட்டி தரையைத் தட்டியது. மணி அடித்தது. மறுபடியும் பிடித்தேன்.

"தட்டிட்டேன்" என்றார் சேகர்.

"யக்கா, தட்டிட்டாரு" என்றான் வேலு.

நான் விடவில்லை. மேடைக்கு அடியில் நாற்காலி எங்கே இருக்கும் என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது. போய் எடுத்து வந்தேன்.

"ஏய், தட்டிட்டேன்னு சொல்றேன்ல. ரூல் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சது கடைச் சட்டம்தான்" என்றேன். "அந்தக் காதுக்கு நாள் குறிங்க. அப்புறம் ஸ்டார்ட்ட அமுக்குறேன்."

வேலு அவரைப் பார்த்தான். அவர் டிவியைப் பார்த்தார். நாற்காலி ஒரு தடவை இறங்கியது. இரண்டாவது தடவை இறங்கியது.

வேலு எழுந்து போய்ச் சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி வந்தான்.